டம்ளர் கணக்கு

கருவுற்ற பெண்ணிடம் "ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிக்கிறீங்க?" என்று கேட்டால் வரும் பதில் இரண்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. திருவனந்தபுரத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் டயட்டீஷியனாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த இரண்டு பழகிப்போன எண். கரமனை அக்ரகாரத்து மருமகளும் இரண்டு என்பாள். பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருகிறவளும் இரண்டு என்பாள். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் திருநெல்வேலிப் பெண்ணும் இரண்டுதான் என்பாள். அந்த மூன்று இரண்டும் ஒன்றல்ல.

அதனால் என் அறை அலமாரியில் இட்லி, புட்டு மாதிரிகளுக்குப் பக்கத்தில் குடிக்கிற பாத்திரங்களும் இருக்கும். டவரா டம்ளரில் பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று. தட்டுக்கடையில் சாயா ஆற்றித் தருகிற தடித்த கண்ணாடிக் கிளாஸ். ஆபீஸ் மெஷினுக்கு அடியில் வைக்கிற காகிதக் கப். கல்யாண நாள் பரிசாகப் புருஷன் பெண்டாட்டி படம் அச்சடித்து வரும் பீங்கான் மக். "உங்க வீட்டுல குடிக்கிறது இதுல எதுன்னு காட்டுங்க" என்பேன். காட்டியதும் தண்ணீர் ஊற்றச் சொல்வேன், வீட்டில் எந்த மட்டம் வரைக்கும் ஊற்றுவார்களோ அந்த மட்டத்துக்கு. அதை அளவுக்கோடு போட்ட குவளையில் சாய்த்தால் விஷயம் தெரிந்துவிடும். காகிதக் கப் 100 மில்லிகூடத் தேறாது. டவரா டம்ளர் 150-லிருந்து 180. பரிசு மக் 300-ஐத் தாண்டும். அதில் இரண்டு என்றால் டம்ளர் கணக்கில் நான்கு. மக்கைக் காட்டிய பெண் இந்த இடத்தில் கணவனைத் திரும்பிப் பார்ப்பாள், வாங்கிக் கொடுத்தது அவன்தானே.

மட்டத்துக்கு அடுத்தது பொடி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 150 மில்லி கப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வடித்த காப்பியில் 80 முதல் 120 மி.கி. காஃபீன், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. எண்பதா நூற்றிருபதா என்பதை வழிகாட்டி சொல்லாது, அடுக்களைதான் சொல்லும்.

சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கொட்டையை வறுத்து அப்போதைக்கப்போது அரைத்துத் தருகிற கடைகள் உண்டு. அங்கே வாடிக்கையாக வாங்கும் மாமிகளிடம் கேட்டால் பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று சதவீதத்தோடு ஒப்பிப்பார்கள். எனக்கு வேண்டியது அந்தச் சிக்கரி. அது ஒரு செடியின் வேர், அதில் காஃபீன் கிடையாது. பாக்கெட் கலவைகளில் சட்டப்படியே 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், அதை அட்டையில் அச்சிட்டாக வேண்டும். அப்புறம் கொட்டையின் ஜாதி. வயநாட்டில் விளைவது பெரும்பாலும் ரோபஸ்டா. அரபிகாவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபீன் அதில் உண்டு. ஒரு டம்ளருக்கு 10 கிராம் பொடி, அதில் 8 கிராம் காப்பி என்று வைத்துக்கொண்டால், அரபிகாவாக இருந்தால் 100 மி.கி. சுற்றுவட்டாரம், ரோபஸ்டாவாக இருந்தால் 170, 180. ஃபில்டரில் அத்தனையும் இறங்காது என்றாலும் பெரும்பகுதி முதல் டிக்காஷனிலேயே இறங்கிவிடும்.

இந்த முதல் டிக்காஷன் வீட்டில் யாருக்குப் போகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வேன். கள்ளிச்சொட்டாக இறங்கியது மாமனாருக்கும் பிள்ளைக்கும் போகும். எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியாக டம்ளரை எடுக்கும் மருமகளுக்கு, பொடியின் மேல் மறுபடி வெந்நீர் விட்ட இரண்டாம் டிக்காஷன், பேருக்கு நிறம். காலங்காலமாக நடக்கும் இந்த அநியாயம் கர்ப்ப காலத்தில் மட்டும் அவளுக்கு அனுகூலமாக முடிகிறது. ஏழாம் மாசம் "அவளுக்கும் நல்ல காப்பியா குடேன்" என்று மாமனார் கருணை காட்டினால்தான் என் கணக்கு ஏறும்.

சுக்குக் காப்பி இன்னொரு பொறி. தமிழ்நாட்டில் பல இடங்களில் அது சுக்கும் மல்லியும் மட்டும் சேர்ந்த கஷாயம். எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கருப்பட்டி, மிளகு, துளசியோடு ஒரு கரண்டி காப்பிப்பொடியும் அதில் விழும்.

"எக்கா, நான் காப்பிய விட்டாச்சு. சுக்குக் காப்பி மட்டுந்தான், மூணு நேரம்."

"பொடி போடுவியளா?"

"போடாம நிறம் எப்பிடிக்கா வரும்?"

கருப்பட்டிக் காப்பிக்குப் பரிந்து பேசுகிற குமரி மாவட்டத்துப் பாட்டிமார் அநேகம். கருப்பட்டியில் இரும்பு இருக்கு மக்களே என்பார்கள். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கொண்டுபோய்க் காப்பியில் கரைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படியெல்லாம் கூட்டி வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது: ஒரு நாளைக்கு 300 மி.கி.க்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் குறைத்துக்கொண்டால் கரு கலைவதும் குழந்தை எடை குறைந்து பிறப்பதும் குறையலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2010-இல் 200-க்குள் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2015-இல் கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிறவளுக்கும் அதே 200-ஐச் சொன்னது. பிரிட்டனில் முதலில் 300 என்றுதான் இருந்தது. லீட்ஸ், லெஸ்டர் நகரங்களில் 2,635 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானபோது, காஃபீன் கூடக் கூட வயிற்றில் குழந்தையின் வளர்ச்சி குன்றும் வாய்ப்பும் கூடுவது தெரிய, அங்கேயும் 200 ஆக்கினார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு டென்மார்க்கில் வேறு மாதிரி செய்து பார்த்திருந்தார்கள். நாளுக்கு மூன்று கப்பாவது குடிக்கும் 1,207 கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு வழக்கமான இன்ஸ்டன்ட் காப்பி, பாதிப் பேருக்குக் காஃபீன் நீக்கியது. பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது, அறவே விடுங்கள் என்று 2020-இல் எழுதியவரும் உண்டு. நான் 200-ஐ வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் மாதத்துக்குள் தானாகவே காப்பி வாசனை பிடிக்காமல் போனவளிடம் அந்த எண்ணைக்கூடச் சொல்வதில்லை.

ஏன் கர்ப்பிணிக்கு மட்டும் தனி எண் என்று கேட்பவர்களுக்குக் கல்லீரலைப் பற்றிச் சொல்வேன். சாதாரணமாகக் குடித்த காஃபீனில் பாதி நான்கைந்து மணி நேரத்தில் உடம்பைவிட்டுக் கழிந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி கர்ப்பத்தில் மந்தப்படுகிறது. கடைசி மூன்று மாதத்தில் பாதி கழியவே 15 மணி நேரம் போல ஆகலாம். அப்படியென்றால் சாயங்காலம் நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி, மறுநாள் காலைக் காப்பி வரும்வரை உள்ளே இருக்கிறது. அதன்மேல்தான் அடுத்த டம்ளர் விழுகிறது. நஞ்சுக்கொடி காஃபீனைத் தடுப்பதில்லை. அந்தப் பக்கம் இருக்கிற சிசுவுக்கோ அந்த நொதியே இன்னும் வரவில்லை. எட்டாம் மாசத்துக்காரி "அதே காப்பிதான், இப்ப மட்டும் தூக்கமே வரமாட்டேங்குது" என்றால் காரணம் வயிற்றுப் பாரம் மட்டுமல்ல.

டெக்னோபார்க் பெண்களின் கணக்கு பார்க்கப் பெரிதாக இருக்கும், கூட்டினால் சிறுத்துவிடும். "மேடம், உண்மையைச் சொல்லிடறேன், ஏழெட்டு ஆகும்" என்று ஒருத்தி கண்கலங்கியிருக்கிறாள். எல்லாம் மெஷின் கப், அரைக் கப்புக்கு நுரை, உள்ளே இன்ஸ்டன்ட் பொடி. கூட்டிப் பார்த்தால் 200-ஐக் கொஞ்சம் தாண்டும். இரண்டைக் குறைத்தால் போதும். அவளிடம் நான் கேட்ட மற்றொன்று எனர்ஜி டிரிங்க். ராத்திரி ஷிப்டில் அந்தச் சின்ன டின் ஒன்று இருந்தது. 250 மில்லி டின்னில் 75, 80 மி.கி. போய்விடும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உகந்ததல்ல என்ற வரியை அதில் அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியே இருக்கிறது, எழுத்து எறும்பளவு.

குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்களின் கதை வேறு. அவர்கள் என்னிடம் வரும்போதே பாதி உணவை விலக்கிவிட்டு வருவார்கள். பப்பாளி போயிருக்கும், அன்னாசி போயிருக்கும், எள்ளு போயிருக்கும், கடைசியாகக் காப்பியும் போயிருக்கும். கருத்தரிப்பு சிகிச்சையில் ஊசி போட்டுக்கொண்டு, பரிசோதனை நாள் வரை ஒவ்வொரு மணியையும் எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு ஒரு டம்ளர் காப்பி குற்றமாகத் தெரியும். இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1988-இல் அமெரிக்காவில் 104 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு, தினம் ஒரு கப் காப்பி அளவுக்கு மேல் காஃபீன் எடுப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு பாதியாகிறது என்றது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பின்னால் பெரிய அளவில் செய்த ஆய்வுகளில் அந்தப் பாதி தாக்குப்பிடிக்கவில்லை. நாளுக்கு 500 மி.கி. போல, அதாவது ஐந்து கப்புக்கு மேல் போனால் தாமதம் ஆகலாம். ஒன்றிரண்டு கப்புக்குத் தடை சொல்லச் சான்று இல்லை என்பதே இன்று அந்தத் துறையினர் சொல்வது. நான் காத்திருப்பவர்களுக்கும் 200 என்றே சொல்கிறேன். கரு தங்கியது தெரியவரும் நாளுக்கு முன்பே அது தங்கிவிடுகிறது என்பதுதான் காரணம்.

அந்த அறையில் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருக்கும் கணவனுக்கும் ஒரு கிளாஸை எடுத்துக் காட்டுவேன். அமெரிக்காவில் மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் குழந்தைக்கு முயலும் தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. கருத்தரிப்பதற்கு முந்தைய வாரங்களில் நாளுக்கு இரண்டுக்கு மேல் காஃபீன் பானம் குடித்தது பெண்ணானாலும் ஆணானாலும், கரு கலையும் வாய்ப்பு ஒரே மாதிரி கூடியிருந்தது. இதைச் சொன்னதும் அவர் நாற்காலி முன்னுக்கு வரும். "எனக்குமா?" என்பார். பெண்டாட்டியின் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் பாடு அதற்கப்புறம் பட்டியலில் வந்துவிடும்.

கரு கலைந்தவள் கேட்கிற கேள்விக்குத்தான் நிதானம் வேண்டும். "நான் காப்பி குடிச்சதாலயா?" பெரும்பாலும் அவளாகக் கேட்பதில்லை, வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள், கூட வந்த மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். காப்பி குடித்தவர்களுக்குக் கரு அதிகம் கலைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்மையாகவே இருக்கின்றன. 2008-இல் கலிபோர்னியாவில் வந்த ஒன்று 200 மி.கி.க்கு மேல் என்றால் இரு மடங்கு என்றது. ஆனால் மசக்கையை நினைத்துப் பாருங்கள். நன்றாக வேர்பிடித்த கருவில்தான் ஹார்மோன் ஏறி, குமட்டி, காப்பி வாசனையே ஆகாமல் போகும். தொடக்கத்திலேயே தளர்ந்த கருவில் குமட்டல் குறைவு. அவள் பழையபடி குடித்துக்கொண்டிருப்பாள். பிறகு கணக்கெடுத்தால் கலைந்தவள் கோப்பையில் காப்பி அதிகமாகத்தான் தெரியும். காப்பியால் கலைந்ததா, கலையப்போவதால் காப்பி பிடித்ததா என்பதை இத்தனை வருஷத்தில் யாராலும் சுத்தமாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. முதல் மூன்று மாதத்தில் கலைகிறவற்றில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைகிறவை. அதை நான் அவளைப் பார்த்துச் சொல்வதில்லை. மாமியாரைப் பார்த்துச் சொல்வேன், கொஞ்சம் உரக்க.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மேசைக்கு வருகிறவர்களில் 200-ஐத் தாண்டுகிறவர்கள் சொற்பம். இந்த ஊர்க் கர்ப்பிணியின் காப்பியிலும் சாயாவிலும் எனக்குக் கவலை தருவது அளவு அல்ல, நேரம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கேரளக் கர்ப்பிணிகளில் 31.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாட்டு அளவில் 52.2 என்பதைப் பார்க்க இது தேவலை என்று தோன்றும். முந்தைய ஆய்வோடு வைத்துப் பார்த்தால் கேரளத்தில் கூடியிருக்கிறது. இதற்காகத்தான் கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாளும் தினம் ஒரு மாத்திரை, 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமுமாக, அரசாங்கம் கையில் கொடுக்கிறது. சுகாதார நிலையத்துச் சிஸ்டர் கொடுக்கிறார், இவளும் விழுங்குகிறாள். எதனோடு விழுங்குகிறாள் என்று கேட்டால் சாயாவோடு. காலைப் பலகாரம் புட்டும் கடலைக்கறியும்; கடலையில் இரும்பு இருக்கிறது, பக்கத்தில் கிளாஸில் சாயா இருக்கிறது. டீயிலும் காப்பியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் குடலுக்குள்ளேயே இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டு வெளியே அனுப்பிவிடும். காஃபீனுக்கு இதில் பங்கே இல்லை, காஃபீன் நீக்கிய டீ குடித்தாலும் இதுதான் கதி. பாட்டியின் கருப்பட்டி இரும்பும் இந்த வழியாகத்தான் போய்விடுகிறது.

1983-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்ப உபயோகம். சாப்பாட்டோடு ஒரு கப் காப்பி குடித்தால் இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தால் 64. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பியும் அதே அளவு கெடுத்தது. ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தது ஒன்றும் செய்யவில்லை. விடிகாலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கிற காப்பியைத்தான் ஊரெல்லாம் திட்டுகிறது. இரும்புக் கணக்கில் பார்த்தால் அதுதான் சாது. டிபன் முடித்துத் திருப்தியாக உறிஞ்சுகிற இரண்டாவது டம்ளர்தான் வேலையைக் காட்டுகிறது.

விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து வருகிற பெண்களுக்கு ஒரு சலுகை உண்டு. தினம் சாளை, நெத்தோலி என்று மீன் இருக்கும். மீனில் வரும் இரும்பின் ஒரு பகுதியைச் சாயா அவ்வளவாகத் தொடாது. அகத்திக்கீரையையும் கடலையையும் நம்பியிருக்கிற கரமனைப் பெண்ணுக்கு அந்தத் தப்பும் வழி கிடையாது. அவளுக்கு நெல்லிக்காயையும் கொய்யாவையும் எலுமிச்சையையும் சேர்த்துக் கொடுத்து இரும்பை உள்ளே தள்ளப் பார்க்கிறேன்.

இதன்மேல் தைராய்டு வேறு. இங்கே வருகிற கர்ப்பிணிகளில் தைராக்ஸின் மாத்திரை போடுகிறவர்கள் நிறைய. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும்; காப்பியோடு போட்டால் உடம்பில் ஏறுவது குறையும். அன்புள்ள கணவன்மார் சிலர் படுக்கைக்கே காப்பியும் மாத்திரையும் ஒரே தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். டாக்டர் மாதாமாதம் ரத்தம் பார்த்து, ஏன் சரியாகவில்லை என்று மாத்திரையின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரும்போடு சேரக்கூடாது, இரண்டும் தைராக்ஸினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி நிற்க வேண்டும். ஆக நான் எழுதிக் கொடுக்கிற தாளில் விலக்க வேண்டியவை என்ற தலைப்பே இருக்காது, ரயில்வே அட்டவணைபோல நேரம் மட்டும் இருக்கும். ஆறு மணி தைராக்ஸின். ஏழு மணி காப்பி. எட்டேகாலுக்கு டிபன், அதோடு தண்ணீரோ சீரக வெள்ளமோ. பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு. ஒரு மணி சாப்பாட்டோடு சுண்ணாம்பு. நான்கு மணிக்குச் சாயா, தாராளமாக. ராத்திரிச் சாப்பாட்டோடு இரண்டாவது சுண்ணாம்பு. வேலைக்குப் போகிறவளுக்குப் பதினோரு மணி மாத்திரையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக் கொடுப்பேன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொல்வேன். புருஷனிடம்தான் கொடுப்பேன். தம்பானூர் இந்தியன் காப்பி ஹவுஸில் காப்பி குடித்துவிட்டுப் போகலாமா என்று ஸ்கேன் முடித்து வருகிறவர்கள் கேட்பார்கள். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் கட்டடத்தின் சரிவில் ஏறுவது எட்டாம் மாசத்துக்குக் கொஞ்சம் சிரமம். காப்பியால் சிரமம் இல்லை. பீட்ரூட் வைத்த மசால் தோசையோடு சேர்த்துக் குடிக்காமல் முதலில் குடித்துவிடுங்கள் என்பேன். அந்த உபதேசத்தைக் கடைப்பிடித்தவர்கள் இருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

காப்பியை ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கு ஒரு நாள் கழித்து மண்டை பிளக்கும். ஒரு வாரம்கூட நீடிக்கும். தாங்காமல் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டால் உடனே கேட்கும், சில மாத்திரைகளில் 50 மி.கி. காஃபீன் சேர்த்திருப்பதால். விட்ட காப்பியை மாத்திரையாக வாங்கி விழுங்கியதுதான் மிச்சம், கூட வேண்டாத மருந்தும் உள்ளே போகும். குறைக்க வேண்டியவர்களை நாலு நாளைக்கு ஒரு கால் டம்ளராகக் குறைக்கச் சொல்கிறேன். ஆனால் ஐந்தாம் மாசத்துக்குப் பிறகு தலைவலி என்று யார் சொன்னாலும் காப்பிக் கதையெல்லாம் பேச மாட்டேன். முதலில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். காப்பி விட்ட தலைவலி என்று வீட்டிலேயே முடிவு கட்டி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

ஒன்பது மாதம் காப்பிக்குக் கணக்குப் பார்த்தவளுக்கு, பிரசவம் முடிந்த மறுநாளே கணக்கு தலைகீழாவதும் உண்டு. தண்டுவடத்தில் ஊசி போட்டுச் சிசேரியன் ஆனவர்களில் சிலருக்கு, எழுந்து உட்கார்ந்தால் தலை வெடிக்கும், படுத்தால் விட்டுவிடும். ஊசி போன துளை வழியாகத் திரவம் கசிவதால் வருவது. மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடி, நல்ல ஸ்டிராங்காக் காப்பி குடி என்பார். விரிந்துபோன மூளை ரத்தக் குழாயைக் காஃபீன் சுருக்கும். அம்மாக்காரி என்னைத் தேடி ஓடி வருவாள்: "நீங்க வேண்டாம்னு சொன்னத அவர் குடின்னு சொல்றாரே!" வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை என்பதை அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "குடுங்கோ" என்பேன்.

இதைவிட ஆச்சரியப்படுவது குறைமாதக் குழந்தை பெற்றவர்கள். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1952-இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குத் தென்கேரளத்திலிருந்து மட்டுமல்ல, குமரி மாவட்டத்திலிருந்தும் சிக்கலான பிரசவங்கள் வந்து சேரும். அங்கேயானாலும் வேறு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியானாலும், முப்பது வாரத்தில் ஒரு கிலோ எடையோடு பிறந்த குழந்தை மூச்சுவிட மறந்துபோகும்; சில விநாடிகள் நின்று, நீலம் பாரித்து, தட்டினால் மறுபடி விடும். அதற்கு மருந்து காஃபீன் சிட்ரேட். முதலில் கிலோவுக்கு 20 மி.கி., பிறகு தினம் 5 முதல் 10. சிட்ரேட்டில் பாதிதான் காஃபீன் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், முதல் டோஸ் 60 கிலோ பெண்ணுக்கு 600 மி.கி. கொடுத்ததற்குச் சமம், நல்ல ஃபில்டர் காப்பியாக ஆறு டம்ளர் ஒரே மூச்சில். கனடாவிலிருந்து நடத்திய ஒரு பெரிய சோதனையில் 2,006 குழந்தைகளைப் பிரித்து, பாதிக் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2006-இல் முடிவு வந்தது. நுரையீரல் நோய் குறைந்தது. அடுத்த வருஷம், ஒன்றரை வயதில் பார்த்தபோது மூளை வாதமும் குறைந்திருந்தது. பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய், தன் காப்பி பாலில் இறங்கி அந்தக் குழந்தையை ஏதாவது செய்துவிடுமோ என்று மெள்ளக் கேட்பாள். அவள் குடிக்கும் ஒரு டம்ளரிலிருந்து பாலுக்குப் போவது நூற்றில் ஒரு பங்கு போல, ஒரு மில்லிகிராம். உள்ளே குழாய் வழியாக அதுபோல மூன்று நான்கு மடங்கு தினமும் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே கொடுக்கிற டாக்டரிடம் நீ குடிக்கிறதையும் சொல்லிவிடு, அவ்வளவுதான் என்பேன்.

நிறைமாதக் குழந்தைக்கும் அந்த நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் புதிதாகப் பிறந்த உடம்பில் பாதி காஃபீன் கழிய 80, 100 மணி நேரம் ஆகும், மூன்று நான்கு நாள். இன்றைக்கு வந்த துளியோடு நாளைய துளி சேரும். முதல் சில வாரங்களில் குழந்தை தூங்காமல் துடித்துக்கொண்டே இருந்தால் தாயின் டம்ளரையும் ஒரு கண் பார்ப்பது அதனால்தான். குடித்து ஒரு மணி நேரத்தில் பாலில் உச்சம். பால் கொடுத்து முடித்த கையோடு குடித்துவிட்டால் அடுத்த முறைக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். இங்கே பிரசவ ரட்சை என்று குளியலும் லேகியமும் அரிஷ்டமுமாகத் தாயை நாற்பது நாள், தொண்ணூறு நாள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பத்தியத்தில் காப்பி தானாகவே குறைந்துவிடும். இரும்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பிரச்சினை. லேகியத்தில் எல்லாம் இருக்கு என்பார்கள். 180 நாள் மாத்திரை பாக்கி இருக்கு என்று அப்போதும் அட்டவணையைக் காட்ட வேண்டியிருக்கும்.

மூன்று நான்கு மாதத்தில் அந்த 80 மணி நேரம் 14 ஆகச் சுருங்கும். ஆறு மாதம் கடந்தால் குழந்தை பெரியவர்களைப்போலவே, சொல்லப்போனால் அவர்களைவிட வேகமாக, காஃபீனைக் கழித்துவிடும். 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஆக டெக்னோபார்க் பெண் மெஷின் காப்பிக்குத் திரும்பும் வாரமும் குழந்தையின் கல்லீரல் தேறும் வாரமும் ஏறத்தாழ ஒன்றாக வந்துவிடுகின்றன; யாரும் திட்டம்போட்டுச் செய்ததல்ல. அந்தச் சமயத்தில் என்னைப் போனில் கூப்பிடுகிறவர்கள் காப்பியைப் பற்றிக் கேட்பதே இல்லை. பாலைப் பீய்ச்ச ஆபீஸில் பூட்டு உள்ள அறை ஒன்று கிடைக்க எப்படி மேனேஜரிடம் கேட்பது, ஃப்ரிட்ஜில் வைத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்பார்கள்.